எல்சியோடு ஏழு மாதம்: ரோபோ வேக்கம் கிளீனர் வாங்கலாமா?

முதல் நாளே அது சாமி அறைக் கோலத்தைத் தின்றுவிட்டது. அரிசி மாக்கோலம், காலையில் போட்டது. சுற்றி வழக்கம்போல எறும்புகள் மாவு தூக்கிக்கொண்டிருந்தன. அவையும் சேர்ந்து உள்ளே போயின. தூசிப் பெட்டியைத் திறந்தபோது இரண்டு எறும்புகள் மட்டும் உயிரோடு வெளியே வந்து தரையில் வட்டமடித்தன. 33 வருடம் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தியவள் நான். இயந்திரத்தை விட்டுவிட்டு எறும்பைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. நிறையப் பேர் கேட்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன். உறிஞ்சும் சக்தி இத்தனை பாஸ்கல், தண்ணீர்த் தொட்டி இத்தனை மில்லி என்பதெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. ஒரு பிராணியை வகுப்பில் எப்படிப் பார்க்கச் சொல்லிக்கொடுப்பேனோ, அப்படித்தான் இதையும் பார்த்தேன். எதை உணர்கிறது, உணர்ந்ததும் என்ன செய்கிறது, அடுத்த முறை வேறு மாதிரி செய்கிறதா, இந்த மூன்று கேள்விதான்.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். ஆடிக் காற்று புழுதியைக் கொண்டுவந்து கொட்டும். எனக்குக் குனிந்து பெருக்க முழங்கால் விடுவதில்லை. செல்வி வாரத்துக்கு மூன்று நாள் வந்து பெருக்கித் துடைத்துக் கொடுப்பாள், மற்ற நாட்களில் காலடியில் நறநறப்புதான். பெங்களூரில் இருக்கும் மகள் கேட்காமலே ஆர்டர் போட்டுவிட்டாள். தள்ளுபடி போக 26,990 ரூபாய். கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை. பின்னால் கொஞ்சம் குறை சொல்ல வேண்டியிருக்கிறது, போதாததற்கு இந்த விலையில் கிடைப்பவை எல்லாம் உள்ளுக்குள் கிட்டத்தட்ட ஒரே ரகம்தான். உச்சியில் சுற்றும் லேசர் கோபுரம், முகத்தில் ஒரு கேமரா, முன்பக்கம் அரைவட்ட பம்பர், வயிற்றின் அடியில் பள்ளம் பார்க்கும் சென்சர்கள், இரண்டு சக்கரம், ஓர் உருளைத் தூரிகை, ஓரத்தில் மூன்று கால் வைத்த சுழல் தூரிகை.

எல்சி என்று பெயர் வைத்தது நான். பாளையங்கோட்டையில் தெருவுக்கு ஓர் எல்சி டீச்சர் உண்டு. யாரைக் கிண்டல் செய்கிறேன் என்று அக்கம்பக்கத்தில் யோசித்தார்கள். நான் நினைத்தது பிரிஸ்டல் எல்சியை. 1948, 49 வாக்கில் இங்கிலாந்தின் அந்த நகரத்தில் வில்லியம் கிரே வால்டர் என்பவர் எல்மர், எல்சி என்று இரண்டு இயந்திர ஆமைகள் செய்தார். மனித மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்து ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். ஆமைக்குள் இருந்தது இரண்டே வால்வு. பழைய ரேடியோவுக்குள் கங்கு மாதிரி எரியுமே, அது. வெளிச்சம் பார்க்க ஓர் ஒளிக்கலம், ஓடு எங்காவது இடித்தால் தெரிய ஒரு தொடு சுவிட்ச். அவ்வளவுதான் மூளை. இதை வைத்துக்கொண்டே எல்சி மிதமான வெளிச்சத்தைத் தேடிப் போனது, கண் கூசும் வெளிச்சத்திலிருந்து விலகியது, தடையைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தது. பேட்டரி இறங்கிவிட்டாலோ கதை மாறும். அதுவரை விலகிய அதே பளீர் வெளிச்சம் இப்போது இழுக்கும். கூட்டுக்குள் விளக்கு எரியும், ஆமை நேராக அதற்குள் போய் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். பசி வந்தால் பிடிக்காததும் பிடிக்கும் என்பதை ஹார்மோன், ஹைபோதலாமஸ் என்று கரும்பலகை நிறையப் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். இரண்டு வால்வில் ஒருவர் அதைச் செய்து காட்டியிருக்கிறார் என்று வேலையில் சேர்ந்து பத்து வருடம் கழித்துத்தான் படித்தேன். கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது.

எங்கள் எல்சிக்கும் அந்தப் பசி உண்டு. சார்ஜ் குறைந்தால் பாதி அறையை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிடும். சார்ஜர் மேடையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் வந்துகொண்டிருக்கிறது, கிட்டே போனதும் அதைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நகர்ந்து உட்காரும். வயிறு நிறைந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். ஏழு மாதத்தில் வீடு திரும்பத் தவறியது நான்கே முறை. அதில் இரண்டு தடவை குற்றவாளி எங்கள் பூனை பூசணி, மேடைக்கு நேர் எதிரே கால் நீட்டிப் படுத்திருந்தது. இந்த விஷயத்தில் எல்சிக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

இடித்துத் திரும்புவதும் அப்படித்தான். செல்வி முதல் முறை பார்த்ததும், "டீச்சரம்மா, இது கரப்பாம்பூச்சி மாதிரில்லா ஓடுது" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். கரப்பானின் வால்பக்கம் இரண்டு சின்னக் கொம்புகள், அவற்றில் மெல்லிய முடிகள். விளக்குமாற்றை ஓங்கும்போது முன்னால் வரும் காற்றே அந்த முடியை அசைத்துவிடும். செய்தி தலைக்குப் போய் ஆலோசனை நடந்து உத்தரவு வர வேண்டியதில்லை. பருத்த நரம்புகள் வழியாக நேரே காலுக்குப் பாயும். நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்திலேயே அது திரும்பத் தொடங்கியிருக்கும். சூடான தோசைக்கல்லில் விரல் பட்டால் 'சுட்டது' என்று உணர்வதற்குமுன் நம் கை பின்வாங்குகிறதே, நமக்குத் தண்டுவடம் செய்கிற வேலை அது.

ரோபோவை இப்படிப் பூச்சி மாதிரி செய்தால் என்ன என்று 1980களில் பிடிவாதமாகச் சொன்னவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்த ராட்னி புரூக்ஸ், ஆஸ்திரேலியாக்காரர். அப்போதைய ரோபோக்கள் அறையைப் படம் பிடித்து, உள்ளே ஒரு மாதிரி கட்டி, திட்டம் போட்டு, பிறகு ஓர் அடி எடுத்து வைக்கும். அதற்குள் நாற்காலியை யாராவது நகர்த்தியிருப்பார்கள். புரூக்ஸ் அடியிலிருந்து அடுக்கினார். முதல் அடுக்கு இடிக்காமல் இருப்பது, அதன்மேல் சுற்றித் திரிவது, அதன்மேல் தேடிப் போவது. மேல் அடுக்கு பழுதானாலும் கீழ் அடுக்கு தன் வேலையைச் செய்யும். ஆறு கால் வைத்த செங்கிஸ் என்ற ரோபோவை இப்படித்தான் அவர் நடக்க வைத்தார். 1990இல் இரண்டு பேரோடு சேர்ந்து ஐரோபோ கம்பெனியைத் தொடங்கினார், 2002இல் அங்கிருந்து ரூம்பா என்ற ரோபோ வேக்கம் கிளீனர் வந்தது. வீட்டு வேலைக்கு வந்த முதல் பூச்சி மூளை என்றே சொல்லலாம்.

மகள் வீட்டில் முன்பு வேறொரு கம்பெனியின் பழைய மாடல் இருந்தது, வரைபடம் இல்லாதது. சுருளாகச் சுற்றும், சுவரோரம் போகும், இடித்தால் ஏதோ ஒரு கோணத்தில் திரும்பும். ஒரு ஹாலுக்கு ஒன்றரை மணி நேரம். சோபா முன்னால் எட்டு தடவை போயிருக்கும், சாப்பாட்டு மேசை அடியில் ஒரு தடவையும் போயிருக்காது. ஆனால் இருட்டோ வெளிச்சமோ, நாற்காலி எங்கே கிடந்தாலோ அதற்குக் கவலையில்லை. மூன்று வருடம் உழைத்தது. மலிவாகக் கிடைத்தால், ஒரே ஓர் அறை என்றால், இப்போதும் அதையே வாங்குங்கள் என்பேன்.

எல்சிக்கு வரைபடம் உண்டு. முதல் நாள் லேசரைச் சுழற்றிக்கொண்டு வீட்டை ஒரு சுற்று வந்தது, 22 நிமிடத்தில் என் போனில் வீட்டின் படம் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அப்ரூவல் பிளான் மாதிரியே இருக்கே" என்றார். ஓர் அறை அதிகமாக இருந்தது. படுக்கையறைக்குப் பின்னால், தோட்டம் இருக்க வேண்டிய இடத்தில், இல்லாத ஓர் அறை. பீரோவில் பதித்திருக்கும் ஆளுயரக் கண்ணாடி லேசரைத் திருப்பி அனுப்பியிருக்கிறது, கண்ணாடிக்குள் தெரிந்த அறையை எல்சி உண்மை என்று எடுத்துக்கொண்டது. இரண்டு நாள் அந்த அறைக்குள் போகப் பார்த்து பீரோவை முட்டியது. பிரிஸ்டல் எல்சிக்கும் கண்ணாடியால் வந்த சங்கடம் உண்டு. அதன் தலையில் ஒரு சிறு விளக்கு இருந்தது, கண்ணாடியில் தன் வெளிச்சத்தைத் தானே பார்த்து, போவதும் வருவதுமாக ஒரு தினுசாக ஆடுமாம். எங்கள் வீட்டில் தீர்வு எளிது. கண்ணாடியின் அடிப்பாகத்தில் பழைய காலண்டர் அட்டையை ஒட்டினேன்.

வரைபடம் எலியின் தலைக்குள் இருக்கிறது என்று 1971இல் ஜான் ஓ'கீஃப் காட்டினார். ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் ஒரு செல் அறையின் இந்த மூலைக்கு எலி வந்தால் மட்டும் துடிக்கும், இன்னொன்று அந்த மூலைக்கு. 2005இல் நார்வேயில் மோசர் தம்பதி பக்கத்துப் பகுதியில் அறுகோணக் கட்டம் போடுவதுபோல் துடிக்கும் செல்களைக் கண்டார்கள். 2014இல் மூவருக்கும் நோபல். ஓய்வு பெற எனக்குச் சில வருடமே இருந்தது, பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் ஒரு பீரியட் முழுக்க அதைத்தான் நடத்தினேன்.

ஆனால் எல்சியைப் பார்க்கும்போது எனக்கு ஞாபகம் வருவது எலியல்ல, எறும்பு. வடக்கு ஆப்பிரிக்கப் பாலைவனங்களில் காடாகிலிஃபிஸ் என்ற எறும்பு, கால் நீண்டது, கொதிக்கும் மணலில் இரை தேடும். வளைந்து நெளிந்து நூறு மீட்டருக்கு மேல்கூடப் போகும். செத்த பூச்சி ஒன்று கிடைத்ததும் வந்த வழியே திரும்பாது, கூட்டுக்கு நேர்க்கோடு போட்டு ஓடும். திசைக்கு வானத்து ஒளி. தூரத்துக்கு? 2006இல் அதற்குப் பதில் வந்தது. இரை எடுத்த எறும்பின் கால்களில் பன்றி மயிரை ஒட்டிப் பொய்க்கால் வைத்தார்கள், கூட்டைத் தாண்டி வெகுதூரம் ஓடிப்போய்த் தேடியது. கால்களை வெட்டிக் குட்டையாக்கினார்கள், கூட்டுக்கு முன்னாலேயே நின்று தேடியது. எறும்பு அடிகளை எண்ணுகிறது. பொய்க்காலோடு கூட்டிலிருந்து புறப்படவிட்டால் போகவும் வரவும் கணக்கு சரியாகவே வந்தது.

எல்சியும் எண்ணுகிறது, அடியை அல்ல, சக்கரம் சுற்றும் கணக்கை. அதற்குப் பொய்க்கால் வைக்க வாசலில் கிடக்கும் கயிற்று மிதியடியே போதும். அதன்மேல் ஏறிச் சக்கரம் வழுக்கினால், நகராமலே அரை மீட்டர் போய்விட்டதாக நினைத்துக்கொள்ளும். ஆனால் லேசர் சுவரைப் பார்த்து, 'இல்லை, இங்கேதான் இருக்கிறாய்' என்று உடனே திருத்திவிடுகிறது. எவ்வளவு தூரம் திருத்தும் என்று பார்க்க ஒருநாள் வேலைக்கு நடுவில் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் விட்டேன். அந்தப் பாலை எறும்பை இப்படித் தூக்கி வேறிடத்தில் விட்டால், ஒன்றும் நடக்காததுபோல் அதே திசையில் அதே தூரம் ஓடி, கூடு இல்லாத இடத்தில் கூட்டைத் தேடும். எல்சி நின்றது. ஒரு முழுச் சுற்று சுற்றியது. சமையலறை என்று கண்டுபிடித்து ஹாலுக்குத் திரும்பிப் போனது. எறும்பைவிட ஒரு படி மேல் என்று எனக்கே சந்தோஷமாகிவிட்டது. பிறகு பின்பக்கத்து அறையில் விட்டேன். எங்கள் வீட்டில் பின்னறைகள் இரண்டும் ஒரே அளவு, ஒரே இடத்தில் கதவு, இரண்டிலும் ஒரு கட்டில். இடது அறையில் விட்டதை வலது அறை என்று முடிவுகட்டி, கதவு என்று நினைத்த இடத்தில் சுவரை முட்டிக்கொண்டிருந்தது. இவர் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "பாவம், விடும்மா" என்றார்.

வரைபடத்தால் வீட்டுக்கு என்ன லாபம் என்றால், மூன்று அறையும் ஹாலும் 70 நிமிடத்தில் முடிகிறது, கோடு போட்ட மாதிரி. போகக்கூடாத இடத்தைப் போனில் கட்டம் போட்டுச் சொல்லலாம். சாமி அறைக்கு அப்படித்தான் போட்டிருக்கிறேன், கோலமும் எறும்புகளும் இப்போது பத்திரம். ஆனால் பழைய வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது நிலைப்படி. இரண்டு சென்டிமீட்டர் வரை ஏறும். எங்கள் தேக்கு நிலை நான்கு சென்டிமீட்டர். ஆசாரியை வரச்சொல்லி இரண்டு பக்கமும் சாய்வுப் பலகை வைக்க 1,400 ரூபாய் ஆனது, அதையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கறுப்புத் தரை. வயிற்றடி சென்சர் தரைக்குக் கதிர் அனுப்பி, திரும்பி வருகிறதா என்று பார்க்கிறது. வராவிட்டால் பள்ளம். மாடிப்படியில் விழாமல் இருப்பதற்காக வைத்தது, நன்றாகவே வேலை செய்கிறது. கறுப்பு கிரானைட் அந்தக் கதிரை விழுங்கிவிடும். ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் எங்களுக்கு ஒரு முழ அகலத்தில் கறுப்பு கிரானைட் பட்டை. எல்சிக்கு அது கிணறு. ஓரம் வரை வந்து, தயங்கி, பின்வாங்கும். 1960 வாக்கில் அமெரிக்காவில் தவழும் குழந்தைகளைக் கெட்டியான கண்ணாடிமேல் விட்டு, அடியில் பள்ளம் இருப்பதுபோல் காட்டினார்கள், அந்தப் பக்கமிருந்து அம்மா கூப்பிட்டும் பெரும்பாலான குழந்தைகள் வர மறுத்தன. கண்ணாடியைக் கையால் தட்டிப் பார்த்தும் கண்ணை நம்பின. அதனால் எல்சியைத் திட்ட மனம் வரவில்லை. பட்டைமேல் ஒரு சாம்பல் நிற மிதியடி போட்டுவிட்டேன், தாண்டுகிறது. சென்சரில் வெள்ளை டேப் ஒட்டினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். மாடிப்படி உள்ள வீட்டில் அந்த வேலை வேண்டாம்.

இனி கண். தடையை அடையாளம் கண்டு விலகும் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் அந்தக் கேமராவுக்காகத்தான் விலையில் நாலைந்தாயிரம் கூடுதல். என் தீர்ப்பு: தண்டம்.

அதன் வம்சாவளி என்னவோ பெரிய இடம். 1950களின் கடைசியில் டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் இருவரும் பூனை மூளையில் பார்வைக்கான பகுதியில் ஊசி மின்முனை வைத்து, புள்ளிகளைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். செல் அசையவில்லை. புள்ளி வரைந்த கண்ணாடித் தகட்டை மாற்றும்போது அதன் ஓர விளிம்பின் நிழல் திரையில் நகர்ந்தது, செல் படபடவென்று வெடித்தது. குறிப்பிட்ட சாய்வில் உள்ள கோட்டுக்கென்றே செல்கள் இருக்கின்றன என்று தெரிந்தது, 1981இல் நோபலும் வந்தது. கோடு, கோட்டிலிருந்து மூலை, மூலையிலிருந்து வடிவம் என்ற அந்த அடுக்கைப் பார்த்து 1980இல் ஜப்பானில் குனிஹிகோ ஃபுகுஷிமா ஒரு கணினி வலையமைப்பைச் செய்தார். இன்று படம் பார்த்துப் பெயர் சொல்லும் மென்பொருள்களுக்கெல்லாம் அது பாட்டன் முறை. ஆக எல்சியின் முகத்தில் இருப்பது ஒருவகையில் பூனைக் கண்.

அந்தப் பூனைக் கண்ணுக்கு எங்கள் வீட்டில் வேலை வந்தது உடன்குடிக் கருப்பட்டி ரூபத்தில். பொட்டலம் பிரித்தபோது ஒரு கருப்பட்டி உருண்டு ஊஞ்சல் அடியில் போயிருக்கிறது, நாங்கள் பார்க்கவில்லை. எல்சி அதைப் பார்த்தது, ஒரு முழ தூரம் ஒதுங்கி வளைந்து போனது, என் போனுக்கு ஒரு படமும் எச்சரிக்கையும் அனுப்பியது: செல்லப்பிராணியின் கழிவு! பூசணிமேல் அபாண்டம். இவர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்றுவிட்டது. அடுத்த வாரம் வாழைப்பூ மடலைச் செருப்பு என்றது. நிஜச் செருப்பை, அதுவும் ரப்பர் செருப்பை, தள்ளிக்கொண்டே போய் அலமாரிக்கு அடியில் சேர்த்தது. போன் சார்ஜர் வயரை இரண்டு தடவை விழுங்கியது.

அந்தக் கண்ணின் மென்பொருளுக்குக் காட்டிப் பழக்கிய படங்களில் செருப்பும் காலுறையும் நாய்க் கழிவும் இருந்திருக்கும். கருப்பட்டி இருந்திருக்காது. எங்கள் பேத்தி இரண்டு வயதில் கருப்பட்டியை ஒரே ஒரு தடவை பார்த்தாள், வாயில் வைத்தாள், அதற்கப்புறம் எந்த வடிவத்தில் உடைத்துக் கொடுத்தாலும் தெரிந்துகொண்டாள். நக்கிப் பார்க்க நாக்கு உண்டு அவளுக்கு.

என் மூன்றாவது கேள்வி, அடுத்த முறை வேறு மாதிரி செய்கிறதா என்பது. இதில்தான் எல்சி என்னை ரொம்பவே ஏமாற்றியது. பிரெஞ்சு ஆசிரியர் ழான் ஹென்றி ஃபாப்ர் குளவிகளைப் பார்த்தே வாழ்ந்தவர். ஒரு குளவி வெட்டுக்கிளி இனப் பூச்சியொன்றைக் கொட்டி மரக்கவைத்து இழுத்து வரும், வளை வாசலில் வைக்கும், உள்ளே போய்ச் சரிபார்க்கும், வெளியே வந்து இரையை உள்ளே இழுக்கும். குளவி உள்ளே இருக்கும்போது ஃபாப்ர் இரையைக் கொஞ்சம் தள்ளிவைத்தார். குளவி வந்து, இரையை மறுபடி வாசலுக்குக் கொண்டுவந்து, மறுபடி உள்ளே போய்ச் சரிபார்த்தது. நாற்பது தடவை தள்ளினார், நாற்பது தடவையும் அதேதான். பூச்சி மூளை இவ்வளவுதான் என்று சொல்ல எல்லோரும் இந்தக் கதையை எடுப்பார்கள். நானும் எடுத்திருக்கிறேன். ஃபாப்ர் எழுதியதன் அடுத்த பகுதியை விட்டுவிடுவோம்: வேறொரு கூட்டத்துக் குளவிகளிடம் இதையே செய்தபோது, இரண்டு மூன்று தடவைக்குப்பின் அவை சரிபார்க்காமல் நேரே உள்ளே இழுத்துப் போய்விட்டன.

எல்சி முதல் கூட்டத்துக் குளவி. சமையலறை மூலையில் கிரைண்டர் ஸ்டாண்ட், பக்கத்தில் கேஸ் சிலிண்டர், நடுவில் எல்சியின் அகலத்துக்கு இரண்டு விரல் கூடுதலாக ஓர் இடைவெளி. தினமும் நுழையும். ஸ்டாண்டை முட்டும், திரும்பும், சிலிண்டரை முட்டும், திரும்பும். ஆறேழு முட்டலுக்குப்பின் வெளியே வரும். முதல் நாள் அப்படித்தான் வந்தது, இன்று காலையும் அப்படித்தான் வந்தது. வீட்டின் வடிவத்தை மனப்பாடம் செய்யத் தெரிந்த மூளைக்கு, 'நேற்று இங்கே மாட்டிக்கொண்டோமே' என்று குறித்துக்கொள்ளத் தெரியவில்லை. போனில் நான்தான் கட்டம் போட வேண்டும். போடவில்லை, வேண்டுமென்றே விட்டுவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்திலேயே பூசணி. எல்சி வந்த அன்று முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு ஃபிரிட்ஜ் மேல் ஏறியது. மூன்றாம் நாள் நாற்காலியோடு நிறுத்திக்கொண்டது. இரண்டாம் வாரம் வாலை மட்டும் நகர்த்தி வழிவிட்டது. இதற்குப் பூனை மூளைகூடத் தேவையில்லை. ஏப்ளிசியா என்ற கடல் முயலுக்கு மொத்தமே 20,000 நரம்பு செல்கள்தான். அதன் குழாயைத் தொட்டால் செவுளைச் சுருக்கும், தொட்டுக்கொண்டே இருந்தால் சுருக்குவது குறையும். அந்தப் பழகலில் செல்களுக்கிடையே என்ன மாறுகிறது என்று துருவிப் பார்த்த எரிக் கேண்டலுக்கு 2000இல் நோபல். எல்சிக்கு 20,000 செல் அளவுக்காவது அலுப்பு வந்தால் போதும் என்பது என் ஆசை.

சென்னையில் சிப் டிசைன் கம்பெனியில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் பொங்கலுக்கு வந்தபோது இதைச் சொன்னேன். "பழ ஈ மூளையோட ஒயரிங் மொத்தமும் தெரிஞ்சாச்சே டீச்சர், அதையே சிப்ல இறக்கிட்டா?" என்றான். உண்மைதான், 2024இல் 1,39,255 செல்களும் அவற்றுக்கிடையே ஐந்து கோடிக்கு மேற்பட்ட இணைப்புகளும் வரைந்து முடித்துவிட்டார்கள். ஆனால் சி. எலிகன்ஸ் என்ற புழுவின் 302 நரம்பு செல்களுக்கு 1986லேயே படம் இருக்கிறது. அந்தப் புழு அடுத்த நொடி எந்தப் பக்கம் நெளியும் என்பதைப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல இன்றைக்கும் முடியவில்லை. ஒயர் தெரியும், எந்த இணைப்பு எவ்வளவு அழுத்தமானது, பசித்த புழுவுக்குள் எந்த ரசாயனம் ஓடுகிறது என்பது ஒயரில் இல்லை. அவன் தலையாட்டினான். பத்தாம் வகுப்பிலும் இப்படித்தான் தலையாட்டுவான்.

சரி, குறைகள். போன் செயலி 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் பேசும், இது பிடிபட ஒரு சாயங்காலம் போனது. தமிழ்க் குரல் கிடையாது. இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் போய் வந்தால் ஆங்கிலத்தில் 'சார்ஜிங்' என்று வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவிக்கும். சத்தத்தைக் குறைக்க அமைப்பு உண்டு, முதலிலேயே குறைத்துவிடுங்கள். துடைக்கும் துணி பேருக்குத்தான். ஈரத்துணியை இழுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். சாம்பார் சொட்டு காய்ந்துவிட்டால் செல்வி வந்தால்தான் உண்டு. நீண்ட தலைமுடி உருளையில் சுற்றிக்கொள்ளும், ஞாயிற்றுக்கிழமைதோறும் கத்தரிக்கோலோடு உட்கார்கிறேன். ஆடி மாதம் தூசிப் பெட்டி ஒரே நாளில் நிறைந்துவிட்டது.

நான்காம் மாதம் இடது சக்கர மோட்டார் போனது. உத்தரவாதத்தில் இருந்ததால் பணம் வாங்கவில்லை, ஆனால் சர்வீஸுக்கு அனுப்பித் திரும்ப 19 நாள் ஆனது. நடுவில் எத்தனை தடவை போன் செய்தாலும் 'பார்ட்ஸ் வரணும் மேடம்' மட்டும்தான். திரும்பி வந்தபோது வரைபடம் முழுதும் அழிந்திருந்தது. சாமி அறைக் கட்டத்தை நான் மறந்துவிட்டேன். கோலம் மறுபடி போனது.

அப்படியானால் வாங்கலாமா? தரை சமமாக இருந்தால், நிலைப்படி தாழ்வாக இருந்தால், தரையில் சாமான் பரப்பாத வீடு என்றால் வாங்கலாம். முழங்கால் வலிக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், கட்டிலுக்கு அடியில் இவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை. லேசர் உள்ளதாக வாங்குங்கள், கேமரா இல்லாததாக வாங்குங்கள். உறிஞ்சும் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இது வெளிவாசல் பக்கம் போய்வந்த சக்கரத்தோடு திரும்ப உள்ளே வரும் என்பதை நினைவில் வையுங்கள். வேலைக்கு வருகிறவரை நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். செல்வி இப்போதும் மூன்று நாள் வருகிறாள், ஆனால் குனிந்து பெருக்குவதற்குப் பதில் ஜன்னல் கம்பி, ஃபேன், ஒட்டடை என்று இத்தனை வருடம் கிடந்ததையெல்லாம் பார்க்கிறாள். அவளுக்கு எல்சிமேல் கொஞ்சம் பிரியம்கூட வந்துவிட்டது. மாட்டிக்கொண்டால், "ஏ கோட்டி, அங்க ஏன் போன?" என்று காலால் லேசாகத் தள்ளி எடுத்துவிடுகிறாள்.

பக்கத் தூரிகை நாலு மாதத்துக்கு ஒருமுறை தேய்கிறது, ஜோடி 499 ரூபாய். போன வாரம் புது ஜோடி வந்தது. ஒன்றை மாட்டினேன், இன்னொன்றைப் பூசணி கவ்விக்கொண்டு போய்விட்டது. எங்கே வைத்திருக்கிறது என்று இதுவரை தெரியவில்லை. எல்சியின் வரைபடத்திலும் இல்லை.